சத்தமில்லை என்று சொன்ன டாக்டர்

1.

அறையில் இருந்தவர்கள்: ஜன்னலை ஒட்டிய மேசைக்குப் பின்னால் பேராசிரியர். அவருக்கு வலப்பக்கம், மதிப்பெண் தாளோடு நர்ஸ். மேசைக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை. திரைக்கு இந்தப் பக்கம், கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டு என் மகள் சுண்டு, வயது ஏழு. தலைமாட்டில், சக்கரம் வைத்த ஸ்டூலில் நான். ஸ்டூல் நகர்ந்துகொண்டே இருந்ததால் ஒரு காலைத் தரையில் அழுத்தி ஊன்றியிருந்தேன். வெளியே பெஞ்சில், குழந்தை மருத்துவம் படிக்கும் ஐந்து பயிற்சி மருத்துவர்கள்.

இப்படி ஆரம்பிப்பது கதைக்கு அழகில்லை, தெரியும். ஆனால் இது கதையாக ஆரம்பிக்கவே இல்லை. பேராசிரியருக்கு நேற்று மாலை எழுத உட்கார்ந்த கடிதம் இது. நடந்ததை எழுதும்போது முதலில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று எழுதச் சொல்லி எங்கள் பள்ளியில் பழக்கியிருந்தார்கள். நாற்காலிகளைச் சரியாகப் போட்டுவிட்டால் பொய்க்கு இடம் குறைந்துவிடும். இரண்டு வரி ஓடியது. மூன்றாவது வரியில் கடிதம் முரண்டு பிடித்தது. [நான் செய்ததை எழுத வேண்டிய வரி அது.] அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

2.

சுண்டுவின் இதயத்தில் பிறந்ததிலிருந்தே ஓர் ஓட்டை. அதன் வழியே ரத்தம் பாயும்போது ஸ்டெதஸ்கோப்பில் 'உஷ்' என்று ஒரு சத்தம் வரும். எந்த ஓட்டை தானாக மூடிக்கொள்ளும், எது மூடாது என்று பேராசிரியர் பல வருடங்களாக ஆராய்கிறார். அவருடைய பதிவேட்டில் இருநூறு குழந்தைகள். சுண்டு நூற்றுப் பதினேழு. இந்த வருடமும் மூடவில்லை என்றால் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார். ஸ்கேனுக்கு இன்றுதான் நாள்.

நேற்றுக் காலை மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. பயிற்சி மருத்துவர்களின் தேர்வுக்கு வர வேண்டிய குழந்தைக்குக் காய்ச்சலாம், சுண்டுவை அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள்.

அந்த மருத்துவமனையில் தேர்வு பாதி காகிதத்தில், பாதி குழந்தையிடம். பயிற்சி மருத்துவர் திரைக்குள் வந்து பரிசோதிப்பார். வெளியே போய் என்ன நோய் என்று சொல்வார். குழந்தையோ கூட வந்தவரோ நோயின் பெயரைச் சொல்லக் கூடாது.*

* கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. அதன் கீழே ஏதோ ஒரு குழந்தை பூ வரைந்து வைத்திருக்கிறது.

3.

முதலாமவர் வந்தார். ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கினார். காதில் திருப்பி மாட்டினார், கழற்றி மறுபடி மாட்டினார். சுண்டுவுக்கு மனசு கேட்கவில்லை. அவர் காதருகே போய்,

"அங்கிள், ஓட்டை. கீழ்ப்பக்கம். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க," என்றாள்.

"ஐயோ, சும்மா இரு பாப்பா." ஆனால் அவர் முகம் தெளிந்துவிட்டது.

நான் தடுக்கவில்லை.

[மூன்றாவது வரி இதுதான். பார்த்தீர்களா, உங்களிடம் எழுத வந்துவிட்டது.]

இரண்டாமவர் எங்களுக்குத் தெரிந்தவர். போன வருடம் ஊசிக்குப் பயந்து சுண்டு அழுதபோது, முதலில் தன் கையில் ஒரு பிளாஸ்திரி ஒட்டிக்காட்டியவர். அவருக்கும் சொன்னாள். மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் சொன்னாள். நான்கு பேரும் திரைக்கு வெளியே போய், 'உஷ்' கேட்டது, ஓட்டை என்றார்கள். பேராசிரியர் நான்கு முறை "ம்" போட்டார்.

4.

ஐந்தாமவரை நம்பும்படி எழுத எனக்கு வரவில்லை. முதல் வரைவில் உயரமாக்கினேன். இரண்டாவதில், 'அவர் கண்களில் ஓர் ஒளி' என்று எழுதி அடித்துவிட்டேன். உண்மையில் அவருக்கு ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார்.

சுண்டு வாயைத் திறந்தாள்.

"சொல்லாத செல்லம். நீ சொல்லிட்டா என் காதுக்கு அப்புறம் வேலை இல்ல."

"ஃபெயிலாயிடுவீங்க ஆன்ட்டி."

"ஆனா ஆயிட்டுப் போறேன். மூச்ச இழு."

உட்கார வைத்துக் கேட்டார். படுக்க வைத்துக் கேட்டார். ஒருக்களித்து, முதுகில், மறுபடி நெஞ்சில். கண்ணை மூடியிருந்தார். ஓர் ஆள் இன்னோர் ஆளை இவ்வளவு முழுசாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஸ்டூல் நகர்ந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். காலை ஆட்டுவதை சுண்டுவும் நிறுத்திவிட்டாள்.

வெளியே போய், "எனக்கு எந்தச் சத்தமும் கேக்கல சார்," என்றார்.

"சளி பிடிச்சிருக்கா உங்களுக்கு?"

"மூக்குலதான் சார். காது நல்லாத்தான் இருக்கு."

நர்ஸ் சிரிப்பை அடக்குவது கேட்டது.

"மத்த நாலு பேருக்கும் கேட்டிருக்கேம்மா."

"இருக்கலாம் சார். எனக்குக் கேக்கல. கேக்காதத எப்படிச் சொல்றது?"

பேராசிரியர் திரைக்குள் வந்தார். ஐந்து பேரும் பின்னால் வந்து நின்றார்கள். அவரும் கேட்டார், ரொம்ப நேரம். பிறகு ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி, அது யாருடையதோ என்பதுபோலப் பார்த்தார்.

"எனக்கு இப்ப கேக்குதா, இல்ல ஏழு வருஷமா கேட்டது ஞாபகம் வருதா, தெரியல," என்றார்.

மாணவர்களை வைத்துக்கொண்டு சொன்னார். எனக்குப் புல்லரித்தது.

"சத்தம் கேக்கலன்னா நல்லதா சார்?" என்றேன்.

"சத்தம் நிக்கிறது நல்லதுக்கும் இருக்கலாம், வேற மாதிரியும் இருக்கலாம். நாளைக்குத் தெரிஞ்சிடும்." நர்ஸிடம் திரும்பி ஐந்தாமவரைக் காட்டினார். "இவங்க மார்க்க மட்டும் காலியா விடுங்க. ஸ்கேன் வரட்டும்." பிறகு என்னிடம், "பாப்பா யார்கிட்டயாவது ஏதாவது சொன்னாளா?"

சுண்டு என் சட்டையைப் பிடித்தாள்.

"இல்ல சார்," என்றேன்.

5.

முடிவு ஒன்று: ஓட்டை மூடிவிட்டது. பேராசிரியர் ஐந்தாமவரின் கையைப் பிடித்து... [இதை எழுதும்போது கை தானாக ஓடியது. அதனாலேயே நிறுத்தினேன்.]

முடிவு இரண்டு: ஸ்கேன் திரையில் ஓட்டை தெரிகிறது, முன்பைவிட... [மீதியை ஓர் அப்பாவால் எழுத முடியாது.]

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஐந்தாமவர் செய்தது ஒன்றேதான். கேட்டார், காதில் விழுந்ததைச் சொன்னார். அதற்கு ஏன் ஸ்கேன் மதிப்பெண் போட வேண்டும்? ஸ்கேனுக்குப் பிறகு நான் எழுதினால், நல்ல செய்தியென்றால் நன்றிக் கடிதம், கெட்டதென்றால் புலம்பல். உண்மையை எழுத எனக்கு இருப்பது அதற்கு முந்தைய பொழுது மட்டும்தான்.

கடிதம் எழுதப் போவதை மனைவியிடம் சொன்னேன்.

"அந்தப் பிளாஸ்திரி டாக்டர் பாவம்ங்க."

"பாவம்தான்."

"சொன்னது நம்ம பொண்ணுதானே?"

"கேட்டுட்டு உக்காந்திருந்தது நான்தானே? அப்படித்தான் எழுதப் போறேன்."

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். "சரி, அடித்தல் திருத்தல் இல்லாம எழுதுங்க. படிக்கிறவருக்கு வயசாச்சு."

6.

இப்போது ஸ்கேன் அறைக்கு வெளியே, நீல பெஞ்சின் இடது ஓரத்தில் நான். சுண்டுவும் அம்மாவும் உள்ளே. மடியில் கடிதம்:

'ஐயா, நேற்று நான் உங்களிடம் பொய் சொன்னேன். என் மகள் நான்கு பேருக்கு விடையைச் சொன்னாள். பக்கத்திலிருந்தும் நான் தடுக்கவில்லை, தவறு என்னுடையது. அவர்களுக்கு வேறொரு குழந்தையிடம் மறுதேர்வு வையுங்கள். ஐந்தாமவர் மட்டும் சொல்ல விடவில்லை. ஸ்கேன் முடிவு தெரியாமல் இதை எழுதுகிறேன். நீங்களும் அது தெரியாமலே அவருக்கு மதிப்பெண் போட வேண்டுகிறேன்.'

உள்ளே என்ன தெரிகிறது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை: ஐந்தாமவருக்குக் காலியாக விட்ட அந்த மதிப்பெண் கட்டத்தை முதலில் நிரப்பிவிடுங்கள்.

அட்டெண்டர் தபால் பையோடு வருகிறார்.

"அர்ஜென்ட்டா சார்?"

"அந்தக் கதவு திறக்கறதுக்குள்ள மாடிக்கு, பேராசிரியர்கிட்ட போயிடணும்."

கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உறையின் ஓரத்தை நாக்கில் நனைத்து ஒட்டி, கட்டைவிரலால் இரண்டு முறை தேய்த்துக் கொடுத்தேன். அவர் இரண்டிரண்டு படியாக ஏறிப் போனார்.