பீங்கானின் அடியெழுத்து

லரீபா வீட்டு நீலப் பீங்கான் தட்டைப் பதுளைக் கடைத்தெருவில் தெரியாதவர்கள் குறைவு. கணவன் காமிலின் முன்னோர் கப்பலில் கொண்டுவந்ததாம். நோய் தீரத் தண்ணீர் கேட்டு வருகிறவர்களுக்கு அதைக் கவிழ்த்துவைத்து, அடிவளையத்துக்குள் இருந்த நீல எழுத்தின் மேல் தண்ணீர் ஊற்றி எடுத்துக் கொடுப்பாள் லரீபா. பழைய அரபு எழுத்து, அதனால்தான் யாருக்கும் பிடிபடவில்லை என்று நம்பிக்கை. பீங்கானில் குங்குமப்பூ மையால் குர்ஆன் வசனத்தை ஓதி எழுதி, கரைத்துக் குடிக்கிற வழக்கமுள்ள ஊரில் இதை யார் சந்தேகப்படப்போகிறார்கள்?

மாவுத் தட்டுப்பாட்டில் ஊரே பாண் ரொட்டிக்குக் கியூ நின்ற அந்த வருஷம், காமிலுக்குப் பல் கட்ட வந்த சீன வைத்தியர் தட்டைத் திருப்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"எங்க எழுத்து மாதிரி இருக்கு. ஆனா எழுத்து இல்லே. தெரியாத ஆள் பாத்து வரைஞ்சது."

அவர் சொன்னபடி, சீனப் பீங்கான் மேல் உலகமே பைத்தியமாக இருந்த காலத்தில், பாரசீகத்து முஸ்லிம் குயவர்கள் அந்த நீலத்தையும் கொடியையும் கொக்கையும் பார்த்துச் செய்தார்களாம். அடியிலிருந்த முத்திரையைக்கூட விடவில்லையாம்.

"இத்தன நாளா ஊருக்கே பைப் தண்ணி குடுத்திருக்கோம்!" என்று காமில் விழுந்து விழுந்து சிரித்தான். லரீபாவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அந்தக் குயவன் மேல் கோபம் வரவில்லை. புரியாத எழுத்தை அவனும் எவ்வளவு மரியாதையாகத் தீட்டியிருக்கிறான்!

மறுநாள் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துப் புஷ்பம் வந்து நின்றாள். இடுப்பில் பிள்ளை நெருப்பாய்க் கொதித்தது.

"போன கெழமை வாங்கிட்டுப் போனதும் முடிஞ்சிருச்சுங்கம்மா. டிஸ்பென்சரிக்குக்கூடப் போகல. ஒங்க தண்ணிய நம்பித்தான் இருக்கேன்."

லரீபா பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "இனி அந்தத் தண்ணி வாணாம் புஷ்பம். அது ஓதல் எழுத்தில்ல. சும்மா கோடு."

புஷ்பத்தின் முகம் கறுத்தது. "தோட்டத்து ஆளுக்குக் குடுக்காதன்னு வீட்டுல சொல்லிட்டாங்களா? நேராச் சொல்லிருங்கம்மா. போயிர்றேன்."

உண்மையைச் சொன்னால் இப்படியா முடியும்! பாரசீகத்தையும் சீனத்தையும் இவளுக்கு எங்கிருந்து தொடங்கி விளக்குவது? அதற்குள் பிள்ளைக்கு மூச்சுத் திணறியது. லரீபா முக்காட்டை இழுத்துவிட்டாள். பிள்ளையைப் பிடுங்கித் தோளில் போட்டாள். ஆண்துணை இல்லாமல் தெருவில் இறங்கியறியாதவள், கடைத்தெரு முழுக்கப் பார்த்திருக்க, ஆஸ்பத்திரிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். புஷ்பம் அழுதுகொண்டே பின்னால் ஓடினாள்.

பிள்ளையைப் பார்த்ததும் டொக்டர் புஷ்பத்தின் மேல் சீறினார். "பெத்தவதானே நீ? இவ்வளவு நாளா என்ன செஞ்சுகிட்டிருந்த?"

புஷ்பம் தலைகுனிந்தாள்.

"அவளை ஏசாதீங்க டொக்டர்" என்றாள் லரீபா. "தண்ணி குடுத்து அவளை வீட்டுல இருக்க வச்சது நான்தான்."