ஓரத்தில் பச்சை மை

எங்கள் பொருளாதாரத் துறைக்கு வருகைப் பேராசிரியர்கள் முழுதாக வருவதில்லை. பணியேற்புக் கோப்பில் கையெழுத்து விழும்வரை முழங்காலுக்குக் கீழே எதுவும் இருக்காது. கையெழுத்து தாமதமானால் மேலேயும் குறையும். விதி அப்படி.

ஓய்வு பெற்ற திட்டத்துறைச் செயலர் நாகசுந்தரமும் அப்படித்தான் வந்தார். மேலே கோட்டு, டை. கீழே காற்று. கையெழுத்துப் போடவேண்டியவன் நான். வருகைப் பேராசிரியர்களில் நான்தான் மூத்தவன்.

"அட, சேவுகனா! என்கிட்ட செக்‌ஷன் ஆபீசரா இருந்தியே?"

"இருந்தேன் சார்."

"நல்லதாப் போச்சு. சட்டுனு ஒரு கையெழுத்துப் போடுப்பா."

இருபது வருடத்துக்கு முன் நான் அவருக்கு ஒரு கோப்பு அனுப்பினேன். எங்கள் ஊருக்குக் குடிநீர்க் குழாய் கேட்டு நாற்பது பக்கம். அவர் ஓரத்தில் பச்சை மையில் 'பேசவும்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். செயலகத்தில் அது மரியாதையான வார்த்தை. கொடுத்ததாகவும் ஆகாது, மறுத்ததாகவும் ஆகாது.

நான் பேசப் போனேன். அவர் அறைக்குப் போகும் தாழ்வாரம் தினமும் கொஞ்சம் நீண்டது. ஏழு வருடம் நடந்தேன். அதற்குள் என் அக்கா காளீஸ்வரி ஊர்க்கிணற்று உப்புத் தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போனாள். வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தேன். எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

பேனாவை எடுத்தேன். பச்சை மைதான். அவருடைய கோப்பின் ஓரத்தில் 'பேசவும்' என்று எழுதினேன்.

அவர் அதைப் படித்தார்.

"எதிர்லதானே நிக்கிறேன். இப்பவே பேசிடலாமே?"

"முறைப்படி என் ரூமுக்கு வாங்க சார்."

என் அறை அடுத்த கதவு. அவர் கிளம்பினார். தாழ்வாரம் நீள ஆரம்பித்தது.

மூன்றாம் நாள் அட்டெண்டர் குருசுமுத்து வந்தார்.

"சார், அவரு வந்துக்கிட்டே இருக்காரு."

"எங்க வந்துட்டாரு?"

"மூணாவது கேண்டீனைத் தாண்டிட்டாரு. நெஞ்சுவரைக்கும்தான் இருக்காரு."

எங்கள் கல்லூரியில் இருப்பது ஒரே கேண்டீன்.

"டீ குடுத்தீங்களா?"

"குடுத்தேன் சார். கீழ ஒழுகிடுச்சு."

நான் ஒழுங்காக வகுப்பு எடுத்தேன். தாழ்வாரம் ஏன் நீளுகிறது என்று மாணவி ஒருத்தி கேட்டாள். நிர்வாகம் என்றேன். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

நான்காவது வாரம் அவர் வந்து சேர்ந்தார். தலை மட்டும். பழைய உயரத்திலேயே நின்றது. வியர்த்திருந்தது.

"சேவுகன் சார்," என்றார்.

சார் என்றது என் காதில் விழுந்தது. உட்காரச் சொல்லவில்லை.

"அந்தக் குடிநீர்க் கோப்போட தலைப்பத்தான் பார்த்தேன், உள்ள படிக்கவே இல்ல. பேசவும்னு எழுதிட்டு மறந்துட்டேன். தப்புதான். உங்க ஊர் பேரு என்ன? சொல்லுங்க, இப்பவாவது அமைச்சர்கிட்ட பேசுறேன்."

இந்த ஒரு கேள்விக்காகத்தான் ஏழு வருடம் நடந்தேன். அக்கா இருந்தபோது கேட்டிருக்கலாம். இப்போது கேட்டபோதும் இனிக்கத்தான் செய்தது. மறைப்பானேன்.

ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் நகர்த்தினேன். பேனாவின் மூடியைக் கழற்றி அதன்மேல் வைத்தேன்.

"கேட்டத எழுத்துல குடுங்க சார்."

அவர் பேனாவைப் பார்த்தார். கைகள் போன வாரமே போய்விட்டிருந்தன. வகுப்புக்கு மணி அடித்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கிளம்பினேன்.