லில்லி இலைகள் பழுக்கும்வரை

1

என் கதைகளில் கோபித்துக்கொண்டு போகும் மனைவிகள் எல்லாரும் கடைசிப் பக்கத்தில் திரும்பி வந்துவிடுகிறார்களே, அவர்களுக்கு வேறு போக்கிடமே கிடையாதா என்று ஒரு வாசகி கேட்டார். சுருக்கென்றது. அந்த ரோஷத்தில் பிறந்தது இந்தக் கதை. இதில் மனைவி திரும்பமாட்டாள். அப்படித்தான் திட்டம்.

2

முதல் வரி: ‘அந்தி வெயிலில் லில்லிகள் நாணத்தோடு தலை…’

வேண்டாம். நேராகவே சொல்கிறேன். அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. கொல்லையில் அவள் நட்ட லில்லிக் கிழங்குகள் பூத்து ஓய்ந்தபின், இலைகள் வாராத தலைபோலக் கிடந்தன. கடைக்காரருக்கு எதுவும் துடைத்துவைத்தமாதிரி இருக்க வேண்டும். அவள் இல்லாத நேரத்தில் அத்தனையையும் ஒட்ட வெட்டிவிட்டார். பச்சை இலைதான் அடுத்த பூவுக்காகக் கிழங்குக்குச் சோறு போடுகிறது, தானாகப் பழுக்கும்வரை கை வைக்காதீர்கள் என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

[கண்ணாடி விற்பவருக்குக் கண்முன் இருப்பது தெரியவில்லை என்று எழுதக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.]

3

இலைக்காக ஒருத்தி வீட்டைவிட்டுப் போவாளா? எனக்கே சந்தேகம். அவளைப் பேசவிட்டேன்.

“காலேஜ்லேருந்து என்னை மேல படிக்கக் கூப்பிட்டாங்க. அவளுக்கு இனிமே எதுக்குப் படிப்புன்னு நீங்களே சொல்லி அனுப்பிட்டீங்க.”

“உன் நல்லதுக்குத்தானே சொன்னேன்?”

“இலையையும் நல்லதுக்குத்தானே வெட்டினீங்க?”

தங்கை வீட்டுக்குப் போனாள், படிப்பில் சேர்ந்தாள். அடுத்த பருவத்தில் லில்லி பூக்கவில்லை, இலை மட்டும் விட்டது. அவளிடமிருந்து ஒரு தகவல் வந்தது: ‘இலை பழுத்ததும் வந்து என் கிழங்குகளைத் தோண்டி எடுத்துக்கொள்கிறேன்.’ அந்த வீட்டில் அவளுடையது என்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

4

அன்றிலிருந்து கடைக்காரர் இலை பழுத்துவிடாதபடி காவல் இருந்தார். ஓரம் மஞ்சளானால் எரு, வாடினால் தண்ணீர். மச்சினி எட்டிப் பார்த்தாள்.

“என்ன அத்தான், தோட்டமா இது, புதரா? வெட்டலாம்ல?”

“பச்சையா இருக்கறப்ப வெட்டக் கூடாதும்மா.”

“அக்கா சொன்னாளா?”

“சொன்னா. போன வருஷமே.”

“இப்பத்தான் காதுக்கு வந்து சேந்துச்சாக்கும்.”

எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பழுக்கிற இலை பழுக்கத்தான் செய்தது.

5

அவள் வந்தாள். [ஒரு பக்கத்துக்கு மன்னிப்பு எழுதிவைத்திருந்தேன். அவர் வாயில் நுழையவில்லை.] மண்ணைக் கிளறினாள். ஒவ்வொரு கிழங்கைச் சுற்றியும் குட்டிக் கிழங்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

முடிவு அ: எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறாள். வாசகி திருப்தி அடைகிறார்.

முடிவு ஆ: எல்லாவற்றையும் திரும்பப் புதைத்துவிட்டு, அவர் தோளில் சா…

இல்லை. நடந்தது இது.

“எவ்வளவு எடுத்துக்கட்டும்?” என்றாள், நிமிராமல்.

முன்னைய மனிதராக இருந்தால் அதற்குள் முடிவு சொல்லியிருப்பார். இவர் திருந்தியவர்.

“உன் இஷ்டம். நான் சொல்ல மாட்டேன்.”

கிளறிக்கொண்டிருந்த கை நின்றது.

“இத்தனை வருஷமா உங்க வாயை அடக்கப் பாத்தேன். அடங்க வேற நாளே கிடைக்கலையா உங்களுக்கு?”

கிழங்குகள் இன்னும் அவள் மடியில்தான் இருக்கின்றன. ‘எடுக்காதே’ என்று அவர் சொன்னால் பழைய ஆளாகிவிடுவார். சொல்லாவிட்டால் அவள் எழுந்துவிடுவாள். அவர் என்னைப் பார்க்கிறார். எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லிக்கொடுங்கள். மெதுவாக, அவள் காதில் விழாமல்.