காசிராஜன் தலைக்கு அடித்த சாயம்

"கறையே படலை பாத்தியா? வெயிலுமுத்து கை அப்படியாக்கும்" என்று காசிராஜன் கண்ணாடி முன்னால் நின்று இடதும் வலதுமாகத் திரும்பிக்கொண்டே சொன்னார். "படாம என்ன, என் நெத்தியில வந்துல்லா உக்காந்திருக்கு" என்று அடுப்பங்கரையிலிருந்து சுகுணா சொன்னாள். மகள் இசக்கிசெல்வி நடக்கப் பழகிய வருடம் நடந்த பேச்சு இது. "ஏட்டி, சலூனுக்குப் போனது நானு, நீ எங்க போன?" என்று அவர் சிரித்தார். அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து முன்முடியை ஒதுக்கிக் காட்டினாள். நெற்றியின் மேல்விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்புக் கோடு. இரண்டு காது மடலிலும் மையிட்ட மாதிரி தீற்றல். காசிராஜன் அவள் பிடரியையும் பார்த்துவிட்டு, "வெயிலுமுத்து பிடரியில கொஞ்சம் சிந்திட்டேன்னு சொன்னான்" என்றார். அங்கேயும் இருந்தது.

அன்றிலிருந்து கணக்கு எளிதாகிவிட்டது. காசிராஜன் தலைக்கு அடிக்கும் சாயம் முடியில் பட்டால் அவருக்கு, தோலில் பட்டால் சுகுணாவுக்கு. கோவில்பட்டி மெயின் ரோட்டை ஒட்டிய சந்தில் அவர்கள் வீடு. பாத்திரக் கடை பஜாரில். வெயிலுமுத்துவின் சலூன் ரயில்வே ஸ்டேஷன் பக்கம். தூரம் ஒரு பொருட்டாக இல்லை. ஒருமுறை மதுரையில் உறவுக்காரர் வீட்டில் வைத்து அவர் அடித்துக்கொண்டபோதும் கறை சிரமம் பார்க்காமல் கோவில்பட்டி வந்து சேர்ந்தது. தோல் டாக்டர் ஒவ்வாமை என்று ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். சுகுணா அதை வாங்கவில்லை. முதல் இரண்டு வருடம் எலுமிச்சம்பழத்தில் உப்பைத் தொட்டுத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொண்டாள். பிறகுதான் முறை பிடிபட்டது. காய்வதற்கு முன்னால் என்றால் ஈரத்துணியே போதும். காய்ந்துவிட்டால் தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் நனைத்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, வட்டம் வட்டமாகத் துடைக்க வேண்டும். காது மடலுக்கு வெள்ளைப் பற்பசை. இதற்கும் போகாததை நாலு குளியலுக்கு விட்டுவிட வேண்டும், தோல் தானாக உரித்துக்கொள்ளும். எல்லாவற்றையும்விட வராமல் தடுப்பதுதான் மேல். வெயிலுமுத்து பிரஷ்ஷைக் கையில் எடுத்ததும் காசிராஜன் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். சுகுணா உலையைச் சிம்மில் வைத்துவிட்டு வாஸ்லின் டப்பாவைத் திறந்து முடியோரம், காது, பிடரி எல்லாம் பூசிக்கொண்டு உட்கார்வாள். கறை வந்து, வழுக்கி, ஒட்ட இடமில்லாமல் துண்டில் விழுந்துவிடும்.

சந்தில் எல்லாருக்கும் இது தெரியும். பக்கத்து வீட்டு ஆயிஷா பீவி மட்டும் மாதம் தவறாமல் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "புருசன் செஞ்ச பாவத்துல பொண்டாட்டிக்குப் பாதின்னு கேட்டிருக்கேன். உங்க வீட்டுலதான் முழுசும் ஒனக்கு" என்பாள். சுகுணா சிரித்துக்கொள்வாள். அவளுக்கு அதில் ஒரு பெருமைகூட உண்டு.

சுகுணாவிடம் ஒரு குணம். எதையும் கேட்க மாட்டாள். கேட்டால் பதில் வந்துவிடும், வந்த பதிலைத் திருப்பி அனுப்ப முடியாது என்பது அவள் பயம். பள்ளியில் மார்க்கைக் கேட்டதில்லை. பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டதில்லை. கல்யாணமான பிறகு கேட்காமல் வைத்திருந்தவற்றில் ஒன்றுதான் பெரியது. அது காசிராஜனின் அக்கா, அவளுக்கு மதினி, ஜானகியம்மாளிடம் கேட்க வேண்டியது.

அந்தக் குடும்பத்தில் பெண்பிள்ளைக்கு எந்த விசேஷம் என்றாலும் முதல் நலங்கு வைப்பது அப்பாவின் கூடப் பிறந்தவள். காசிராஜனுக்கு இருப்பது ஒரே அக்கா. இசக்கிசெல்விக்குக் காது குத்துவதற்கு முந்தின வருடம் ஜானகியம்மாளின் வீட்டுக்காரர் பசுவந்தனையில் பருத்திக் காட்டிலேயே மாரைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்துப்போனார். காதுகுத்துக்கு வந்த மதினி பந்திக்கு இலை நறுக்கிக் கொடுத்துக்கொண்டு பின்கட்டிலேயே நின்றாள். யாரோ தூரத்துச் சித்தி வந்து நலங்கு வைத்தாள். 'மதினி, நீங்க வாங்க' என்ற சொல் அன்று சுகுணாவின் நாக்கு நுனிவரை வந்தது. சுற்றி நின்ற முகங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. மகள் பெரியவளாகிச் சடங்கு வைத்தபோது அதே சொல் மறுபடி வந்து மறுபடி போனது. சபை என்ன சொல்லும் என்பது பாதிப் பயம். "ஊர் பாக்க என்னைய அசிங்கப்படுத்துதியாட்டி" என்று மதினியே சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பது மீதி. அதற்குப் பிறகு வந்த விசேஷங்களுக்கு ஜானகியம்மாள் வரவில்லை. உளுந்து பிடுங்கணும், மாடு கன்னு போடப்போகுது என்று ஏதாவது ஒன்று. கேட்காத சொல் மட்டும் சுகுணாவின் தொண்டையில் மீன்முள் மாதிரி இருந்துகொண்டே இருந்தது.

இப்போது இசக்கிசெல்விக்குக் கல்யாணம். தை மாதம், கோவில்பட்டியிலேயே மண்டபம். முதல் நலங்குக்கு அதே தூரத்துச் சித்திக்குச் சொல்லியாகிவிட்டது. கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை சுகுணா அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தபோது வலதுகை விரல்கள் நுனியிலிருந்து கறுத்தன. மிஸ்டு கால் வரவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது. காது, பிடரி, எதிலும் இல்லை. விரல்களில் மட்டும். எண்ணெய்ச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு அவள் கையை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். கறுப்புகூட இல்லை; காப்பிக்கொட்டை நிறம்.

நெற்றியில் கறை என்றால் அவர் தலைக்கு யாரோ அடிக்கிறார்கள். விரலில் கறை என்றால் அவர் யார் தலைக்கோ அடிக்கிறார். இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டியதில்லை. சாயங்காலம் காசிராஜன் ஒரு பொட்டலம் போளியோடு வந்து, "கடம்பூர்ல ஒரு கல்யாண ஆர்டர் பேசப் போனேன்" என்றார். அவர் விரல்கள் கழுவிவைத்த வெண்கலம் மாதிரி இருந்தன. சுகுணா தன் கையைப் பிசைந்த மாவுக்குள் வைத்துக்கொண்டு "அப்படியா" என்றாள்.

அடுத்த வெள்ளியும் கடம்பூர், அடுத்த வெள்ளியும் போளி, அடுத்த வெள்ளியும் விரல்கள். அவள் மறைக்கப் பழகினாள். மஞ்சள் அரைத்தாள், மருதாணி வைத்துக்கொண்டாள், சாப்பாட்டைக் கரண்டியால் பரிமாறினாள். குற்றம் செய்தவள் மாதிரி அவருக்கு முன்னால் கையை மூடி மூடி வைத்தாள். பஜாரில் ஃபேன்சி கடைக்குப் போய், விலை கேட்கிற சாக்கில் அந்த நிறத்தைக் காட்டினாள். "பிரவுனாக்கா? அது பொம்பளையள்தான் வாங்குவாவ" என்றாள் கடைப்பெண். சுகுணா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு கடையைவிட்டு இறங்கினாள். ஆயிஷா பீவி அவள் விரல்களைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வேடிக்கையாகத்தான், "அண்ணாச்சி எங்கயோ கைவேல பாக்காவ போலுக்கே" என்றாள். அன்று இரண்டு வீட்டுக்கும் கேட்கும்படி சுகுணா மிக்ஸியை வெறுமனே ஓடவிட்டு நின்று அழுதாள். பத்திரிகை அடித்தாகிவிட்டது. சம்பந்தி வீட்டார் வந்து போய்க்கொண்டிருக்கிறார்கள். கேட்டால் பதில் வந்துவிடும். மகள் கழுத்தில் தாலி ஏறுகிற வரைக்குமாவது அந்தப் பதில் வராமல் இருக்க வேண்டும். ஆனால் போளி தொண்டையில் இறங்க மறுத்தது.

மார்கழி முதல் வெள்ளிக்கிழமை அவள் கேட்காமலே தெரிந்துகொள்வது என்று முடிவெடுத்து, அவருக்குப் பின்னால் முக்காடு போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். அவர் கடம்பூர் பக்கம் திரும்பவே இல்லை. பசுவந்தனை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். அந்தப் போர்டைப் படித்ததும் சுகுணாவுக்கு மூச்சு வந்தது. மதினி ஊர்! அந்த நிம்மதி அவள் ஏறிய அடுத்த பஸ் கிளம்புகிற வரைக்குத்தான் நின்றது. அக்காவைப் பார்க்கப் போவதை யாராவது மறைப்பார்களா? மதினிக்கு ஏதும் சீக்கா? இல்லை, மதினியும் சேர்ந்து மறைக்கிற காரியமா? அந்த ஊரிலேயே வேறு யாராவதா? இரண்டு பக்கமும் மழை குடித்த கரிசல் காடு, மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. அவள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதையும் பார்க்காமல் வந்தாள். பாதி வழியில் ஆள்காட்டி விரல் இருண்டது. பிறகு கட்டைவிரல். பிறகு உள்ளங்கையில் ஒரு சொட்டு விழுந்து ரேகை வழியாக ஓடியது.

"யக்கா, கம்பியில பெயிண்டு ஏதும் ஒட்டிருச்சா?" என்றார் கண்டக்டர்.

"இல்ல தம்பி. எங்க வீட்டுக்காரர் சாயம் அடிக்காவ."

"சரிக்கா" என்று அவர் அடுத்த ஆளுக்குச் சீட்டுக் கிழித்தார்.

ஜானகியம்மாள் வீட்டு வாசலில் காசிராஜனின் செருப்பு கரிசல் மண் அப்பிக் கிடந்தது. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. பின்கட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் கழுத்தைச் சுற்றிப் பழைய துண்டோடு மதினி உட்கார்ந்திருந்தாள். காசிராஜன் ஒரு கையில் கிண்ணமும் ஒரு கையில் பிரஷ்ஷுமாக, சுவருக்கு வெள்ளையடிக்கிறவர் மாதிரி நின்றார். மதினிக்குப் பாதித் தலை பழுப்பு, பாதித் தலை வெள்ளை. நெற்றி, காது, கன்னம் எல்லா இடத்திலும் சாயம் வழிந்திருந்தது. ஒரு காது எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துச் சிவந்து போயிருந்தது.

சுகுணாவைப் பார்த்ததும் ஜானகியம்மாள் துண்டை எடுத்துத் தலையை மூடினாள். "ஏலே தம்பி, சொல்லாதன்னு சத்தியம் வாங்கினேனே" என்றாள்.

"நான் எங்க சொன்னேன்" என்றார் காசிராஜன். சுகுணா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அவர் அந்த விரல்களைப் பார்த்தார், தன் விரல்களைப் பார்த்தார். "தலைக்கு அடிச்சாத்தான் அங்கன போவும்னு நெனச்சேன். கை சுத்தமா இருக்கவும், நம்ம பிடிப்பு நல்லா இருக்கு போலன்னுட்டேன்" என்றார். "அந்த வெயிலுமுத்து கையில தானா ஓடுது. எனக்கு வாரவாரம் எங்கயாவது விட்டுப்போவுது, மறுவாரம் அத அடைச்சா வேற இடம் வெளுக்குது."

"எதுக்கு மதினி இது?" என்று கேட்டாள் சுகுணா. கேட்டபிறகுதான் தான் கேட்டுவிட்டது அவளுக்குத் தெரிந்தது.

ஜானகியம்மாள் துண்டுக்குள்ளிருந்தே பேசினாள். "சிரிக்காதட்டி. மண்டபத்துல முன்னால வந்து நிக்கப் போறதில்ல. கடைசி வரிசையில உக்காந்து பிள்ளை கழுத்துல தாலி ஏறுதத ஒரு பார்வை பாத்துட்டு, பந்திக்கு முன்னாலயே பஸ் ஏறிருவேன். நரைச்ச தலையும் வெறும் நெத்தியுமா உக்காந்தா தூரத்துல இருந்தே இன்னாருன்னு தெரிஞ்சு போவும்லா. தலையாவது இருண்டு கெடந்தா கூட்டத்தோட கூட்டமா இருந்துருவேன். கரேல்னு அடிச்சா ஊரு பேசும்னு இந்தக் கலர வாங்கிட்டு வரச் சொன்னேன்."

சுகுணா முழங்கை வரை வளையலை ஏற்றிவிட்டுக்கொண்டு கிண்ணத்தை அவரிடமிருந்து வாங்கி ஓரமாக வைத்தாள். "தேங்காண்ணெய் எங்கன இருக்கு?" என்றாள். காசிராஜன் ஓடிப்போய் எடுத்து வந்தார், பஞ்சுக்குத் தலையணை ஓரத்தைப் பிரித்தார். அவள் துண்டை மெதுவாக இறக்கி, மதினியின் முகத்தை இரண்டு கையாலும் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ஈரமாக இருந்ததைத் துணியால் ஒற்றினாள். காய்ந்ததன் மேல் எண்ணெயைத் தடவி ஊறவிட்டு வட்டம் வட்டமாகத் துடைத்தாள். சிவந்த காதைத் தேய்க்காமல் எண்ணெய் மட்டும் தொட்டுவைத்தாள். கன்னம் வெளுத்தது, நெற்றி வெளுத்தது. மதினியின் நெற்றியிலிருந்து வழித்த கறை பஞ்சில் வரவில்லை. சுகுணாவின் நெற்றியில், அதே இடத்தில், அதே அளவில் ஏறிக்கொண்டது. காதும் கன்னமும் அப்படியே ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

"ஏட்டி, ஒம் மூஞ்சி..." என்றாள் ஜானகியம்மாள்.

"இனி அக்கா கறையும் இவளுக்குத்தான் போலுக்கு" என்றார் காசிராஜன். "அடுத்த தடவை போன் போட்டுட்டு அடிப்போம்."

சுகுணா பஞ்சைக் கீழே வைத்தாள். எண்ணெய் மினுங்கும் மதினியின் வெறும் நெற்றி ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சுற்றிலும் வேறு முகங்கள் இல்லை. இருந்தாலும் இரண்டு விசேஷங்களில் உள்ளே போன சொல் இந்தத் தடவையும் பாதி வழியில் ஒருமுறை நின்றது. பிறகு வந்துவிட்டது.

"மதினி, இசக்கிக்கு முதல் நலங்கு நீங்கதான் வைக்கணும். தலை வெள்ளையோ கறுப்போ எப்படியும் இருக்கட்டும். சபைக்கு முன்னால வந்து நின்னு வைக்கணும். வைப்பீங்களா?"