வட்டப்பாறையில் விழுந்தவர்

பாண்டுரங்கன் ஒரு நாள் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார். மற்றது எங்கே கழன்றது என்று அவருக்கே தெரியவில்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரை முக்கால் மைல். அத்தனை தூரமும் ஒரு கால் சித்திரை வெயிலில் வெறும் தாரில் நடந்து வந்திருக்கிறது, அந்தக் கால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெருவே சிரித்தது. அவர் மனைவி தையல்நாயகியும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். இன்றைக்கு அந்தச் சிரிப்பை நினைத்தால் தன் வாயில் தானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது அவளுக்கு.

எல்லாம் எரிச்சலில்தான் ஆரம்பித்தது. எண்பத்து நாலாம் வருஷம், ஆடி மாதம். பாண்டுரங்கன் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே தனியார் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்ஜின் கொதிப்பதால் கால் எரிகிறது என்று முதலில் நினைத்தார். பிறகு வீட்டில் பாயில் படுத்தாலும் உள்ளங்கால் எரிந்தது. மிளகாயை அரைத்துப் பூசினது போல இருக்கிறது என்று சொல்லி, ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விழுப்புரத்தில் ஒரு டாக்டர் ரத்தம், மூத்திரம் எல்லாம் சோதித்துவிட்டு, சர்க்கரை வியாதி தலைகாட்டியிருக்கிறது, நரம்பைக் கொஞ்சம் தொட்டிருக்கிறது என்றார். அரிசியைக் குறைத்துக் கேப்பையைக் கூட்டச் சொன்னார். சர்க்கரைக்கு ஒரு மாத்திரை. நரம்புக்கு பி-சிக்ஸ் என்று ஒரு சத்து மாத்திரை, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. ரெண்டுக்கு மேல் வேண்டாம் என்றும் சொல்லித்தான் அனுப்பினார்.

பாண்டுரங்கன் கடிகாரத்தைப் பார்த்தே இருபது வருஷம் வண்டியை எடுத்த மனிதர். ரெண்டு என்றால் ரெண்டுதான். ஒரு மாதத்தில் எரிச்சல் பாதி குறைந்தது. அங்கேதான் தையல்நாயகிக்கு மூளை வேலை செய்தது. ரெண்டுக்கே பாதி குறைந்ததென்றால் நாலுக்கு முழுசும் குறைய வேண்டாமா?

"இன்னும் ஒண்ணு ரெண்டு போட்டுக்கினா இன்னாங்க?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"டாக்டர் ரெண்டுன்னாரு. நீ டாக்டரா?"

அவள் டாக்டர் இல்லை. ஆனால் அவள் தம்பி சுப்பராயலு திண்டிவனத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுப்பவன். அவனிடம் போய்க் கேட்டாள். கம்பெனிக்காரர்கள் விட்டுப்போன சாம்பிள் அட்டைகளை அவன் ஒரு பை நிறையக் கொடுத்தான்.

"சத்து தானக்கா. இது இன்னா விஷமா? ஒடம்புக்கு வேண்டியத எடுத்துக்கினு மிச்சத்த மூத்திரத்துல வுட்டுடும்."

அதற்கப்புறம் தினமும் விடியற்காலையில், அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, இரண்டு மாத்திரையை அம்மியில் வைத்து நுணுக்கிக் கேப்பைக் கூழில் கலந்தாள். உப்பும் புளித்த மோரும் அதன் கசப்பை மூடிவிட்டன. தூக்குவாளியை அவர் கையில் கொடுக்கும்போது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. புருஷனுக்குத் தெரியாமல் பெண்டாட்டி செய்யும் நல்ல காரியம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டாள். பொங்கல் வந்ததும் எரிச்சல் சுத்தமாக நின்றுபோனது. மயிலத்துக்குப் போய் முருகனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள்.

எரிச்சல் போன வழியிலேயே மற்றதெல்லாம் போய்க்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. முதலில் அந்தச் செருப்பு. பிறகு குதிகாலில் ஒரு லாட ஆணி ஏறி இரண்டு நாள் அங்கேயே இருந்தது. பிறகு கிணற்றடியில் முகத்துக்குச் சோப்புப் போடக் கண்ணை மூடினவர் தொபுக்கென்று விழுந்தார். வண்டியில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் பெடலைத் தேட ஆரம்பித்தார். தெருவில் நடக்கும்போது தன் காலையே குனிந்து பார்த்துக்கொண்டு, அகட்டி அகட்டி வைத்தார். நரம்பு இன்னும் பலம் பெறவில்லை என்று தையல்நாயகி முடிவு கட்டினாள். இரண்டை நாலாக்கினாள். ஐப்பசிக்குள் காலையில் நாலு, ராத்திரிக் கூழிலும் நாலு என்று ஆக்கிவிட்டாள்.

கார்த்திகையில் ஒரு நாள் கூட்டேரிப்பட்டில் மல்லாட்டை மூட்டை ஏற்றிப் போன மாட்டு வண்டியின் பின்பக்கம் பாண்டுரங்கனின் பஸ் போய் இடித்தது. ஆளுக்கோ மாட்டுக்கோ ஒன்றும் இல்லை. நாலு மூட்டை கிழிந்து ரோடெல்லாம் வேர்க்கடலை. பிரேக்கின் மேல்தான் கால் இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்தவர் கூட்டத்துக்கு நடுவில் இப்படியும் அப்படியும் தள்ளாடினார்.

"குடிச்சிட்டு வண்டி ஓட்டறான்டா" என்றது கூட்டம்.

பஸ் முதலாளி கெட்டவர் இல்லை. இருபது வருஷத்து டிரைவரைக் கூட்டத்தின் பேச்சைக் கேட்டு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. அதற்காகச் சும்மா விடவும் முடியவில்லை.

"பாண்டு, நீ குடிக்கலன்னா திருவாமாத்தூர் வட்டப்பாறையில வந்து சொல்லு. சொல்லிட்டு மறுநாள் வண்டிய எடு. அதுக்கப்புறம் ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்."

அம்மன் கோயிலில் இருக்கும் அந்த வட்டப்பாறைக்கு முன்னால் பொய் சொன்னவன் நிற்க மாட்டான், விழுந்துவிடுவான் என்பது சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிந்த சங்கதி. வரப்புத் தகராறிலிருந்து நகை காணாமல் போனது வரை, போலீசுக்குப் போகாதது அங்கே போகும். பாண்டுரங்கன் சந்தோஷமாகவே கிளம்பினார். சாராயக் கடை எந்தப் பக்கம் திறந்திருக்கும் என்றுகூடத் தெரியாதவருக்கு என்ன பயம்? தலைக்குக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, தையல்நாயகியின் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு வந்தார். முதலாளி, கண்டக்டர், வண்டிக்காரன், வேடிக்கைக்கு இருபது பேர்.

பாறைக்கு முன்னால் அவரைத் தனியாக நிற்கச் சொன்னார்கள். கற்பூரம் எரிந்தது. கையைக் கூப்பினார்.

"நான் குடிக்கல. அன்னைக்கும் குடிக்கல, என்னைக்கும் குடிச்சதில்ல" என்று சொல்லி, அம்மனை நினைத்துக் கண்ணை மூடினார்.

மூடின மறு நொடியே ஆடினார். முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். பாறையின் விளிம்பு நெற்றியில் பட்டு ரத்தம் வந்தது. யாரும் ஓடி வந்து தூக்கவில்லை. வண்டிக்காரன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மாவே சொல்லிட்டா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தையல்நாயகிதான் அவரைத் தூக்கி உட்காரவைத்தாள். அந்த நேரத்தில் அவளுக்கே ஒரு சந்தேகம் வந்ததை என்ன சொல்ல! காயத்தைத் துடைக்கிற சாக்கில் அவர் வாய்க்குப் பக்கத்தில் குனிந்து மோந்து பார்த்தாள். காலையில் குடித்த கூழின் புளித்த மோர் வாசனைதான் வந்தது.

நெற்றியில் தையல் போட விழுப்புரத்து டாக்டரிடமே போனார்கள். அவர் தையலைப் போட்டுவிட்டு, எப்படி விழுந்தார் என்று கேட்டார். கேட்டதும் பாண்டுரங்கனை எழுப்பி, பாதம் இரண்டையும் சேர்த்துவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். மறுபடியும் சாய்ந்தவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். பாதத்தில் குண்டூசியால் குத்தினார். கால் கட்டை விரலை மேலும் கீழும் ஆட்டி, இப்போது மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று கேட்டார். பாண்டுரங்கனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"சர்க்கரை கட்டுக்குள்ளதான் இருக்கு. அது இவ்வளவு தூரம் பண்ணாது. பி-சிக்ஸ் எத்தனை சாப்பிடறீங்க?"

"நீங்க சொன்ன ரெண்டுதாங்க. ஒரு நாளும் மேல போட்டதில்ல."

"ரெண்டு பண்ணாது." டாக்டர் யோசித்தார். "அளவுக்கு மேல மாசக்கணக்கா சாப்பிட்டா அந்த மாத்திரையே நரம்பக் கெடுக்கும்னு ரெண்டு வருஷம் முன்னாடி வெளிநாட்டுல கண்டுபிடிச்சிருக்காங்க. இதே மாதிரிதான் கண்ண மூடினா விழுவாங்களாம். நீங்க ரெண்டுதானே சாப்பிடறீங்க. அப்ப இது வேற என்னமோ. மெட்ராசுக்கு எழுதித் தர்றேன். அதுவரைக்கும் மாத்திரைய நிறுத்த வேணாம்."

தையல்நாயகிக்கு அந்தச் சாம்பிள் பை நினைவுக்கு வந்தது. சொல்லாமல் இருந்துவிடலாம். வீட்டுக்குப் போய் அந்தப் பையைக் கிணற்றில் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அவர் மெட்ராசுக்குப் போவார், அங்கே ஊசியால் குத்துவார்கள், முதுகுத்தண்டில் தண்ணீர் எடுப்பார்கள், எதற்கென்றே தெரியாமல் அத்தனையும் பொறுத்துக்கொள்வார். டாக்டர் பேனாவை எடுத்தார்.

"கூழுல போட்டேங்க" என்றாள்.

"என்னம்மா?"

"அந்த மாத்திரைய. அவருக்குத் தெரியாது. இப்ப காலைல நாலு, ராத்திரி நாலு. ஆரம்பிச்சி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சி. சத்து தானேன்னு..."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நின்றாள். அவர் திட்டவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சத்துன்னாலும் அதுவும் மருந்துதாம்மா. எத சாப்பிடறோம், எவ்வளவு சாப்பிடறோம்னு சாப்பிடறவருக்கும் தெரியணும், எனக்கும் தெரியணும். இன்னையோட பி-சிக்ஸ் மொத்தத்தையும் நிறுத்துங்க. முதல் ஒரு மாசம் இன்னும் மோசமாகும், பயப்படாதீங்க. அப்புறம் திரும்பலாம். முழுசா திரும்பும்னு நான் சொல்ல மாட்டேன்."

வீட்டுக்குத் திரும்பும்போது பாண்டுரங்கன் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். விக்கிரவாண்டி தாண்டினதும் மட்டும், "அப்ப நான் பொய் சொல்லல" என்றார்.

மறுநாள் அவள் முதலாளி வீட்டுக்கு ஓடினாள். டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டினாள், நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் சீட்டை இரண்டு முறை படித்தார்.

"நான் நம்பறேன்மா. ஊரு நம்பாது. சத்து மாத்திரை தின்னுட்டு எவனாவது தள்ளாடுவானா, புருஷன காப்பாத்த இவ கத கட்டறான்னுதான் சொல்லுவானுங்க. அத வுடு. குடியா இருந்தா குடிய வுடுன்னு சொல்லிட்டு நாளைக்கே வண்டியக் குடுப்பேன். பிரேக்கு எங்க இருக்குதுன்னே தெரியாத கால நான் இன்னாமா பண்றது?"

அவள் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டு நடந்தாள். அவர் சொன்னது பொய் என்றால் பெயர் போகிறது, உண்மை என்றால் வண்டியே போகிறது. இரண்டும் அவள் அம்மியில் நுணுக்கினதுதான்.

டாக்டர் சொன்னபடியே முதல் மாதம் மோசமாயிற்று. கையிலும் மரத்தது. சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிட்டாள். தை போயிற்று, மாசி போயிற்று. பாதத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாய் எரிச்சல் திரும்பியது. எரிகிறது என்று அவர் சொன்னபோது தையல்நாயகி அழுதாள். எரிந்தாலாவது கால் இருக்கிறது என்று அர்த்தம். காலுக்குக் கீழே தரை தெரிவது மட்டும் திரும்பி வரவில்லை. சுப்பராயலு வாசலோடு வந்து வாசலோடு போனான்.

பங்குனியில் ஒரு நாள் பாண்டுரங்கன் கேட்டார். "டாக்டராண்ட சொன்ன, மொதலாளியாண்ட சொன்ன. நான் வுழுந்த எடத்துல சொன்னியா?"

அன்றைக்கே கிளம்பினார்கள். வேடிக்கை பார்க்க இந்த முறை ஒருவரும் இல்லை. யாரையும் அவள் கூப்பிடவில்லை, கூப்பிட்டாலும் வந்திருக்க மாட்டார்கள். அவர் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் கற்பூரத்தை ஏற்றிவிட்டுப் பாறைக்கு முன்னால் போனாள்.

"அவரு குடிக்கல. நான்தான் கலந்து குடுத்தேன். அவருக்குத் தெரியாம குடுத்தேன். நான்தான் அவர வுழ வெச்சேன்."

கண்ணை மூடினாள். விழவேண்டும் என்றே நின்றாள். அவர் விழுந்த அதே இடத்தில், அதே பக்கமாய், நெற்றி உடைந்து விழுந்தால் போதும், வேறொன்றும் கேட்க மாட்டேன் என்று அம்மனிடம் கெஞ்சினாள். கற்பூரம் எரிந்து அடங்கும் வாசனை வந்தது. கால்களுக்குக் கீழே கல்லின் சூடு, மணலின் நறநறப்பு, எறும்பு ஒன்று ஊர்வது எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. உடம்பு ஒரு நூல்கூட அசையவில்லை.

கண்ணைத் திறந்து திரும்பினாள். பாண்டுரங்கன் அவள் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆடவே இல்லியே நீ" என்றார்.

அவள் போய்த் தோளைக் கொடுத்தாள். அவர் பிடித்துக்கொண்டார்.