நிறுத்திப் பார்க்காத லேப்டாப்

கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனி சுமை தூக்காதே என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகும் உலகம்மாள், பிழைக்க வந்த மலையாள ஊரில், காங்கிரீட் சட்டி சுமந்துகொண்டுதான் இருந்தாள். விட்டால் அடுப்பு எரியாது. புருஷன் இசக்கிப்பாண்டிக்கு வேலை கிடையாது. முன்பு ஒரு சைட்டில் கம்பி காணாமல் போனபோது போலீஸ் அவனைக் கூட்டிக்கொண்டு போனது. திரும்பி வந்த நாளிலிருந்து ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறான். கம்பியை விற்றது காண்ட்ராக்டரின் மச்சினன் என்று பிற்பாடு எல்லாருக்கும் தெரிந்தது. அதற்காகக் கால் நேராகிவிடவில்லை.

மகள் கலைச்செல்வி கம்ப்யூட்டர் படித்திருந்தாள். வழுதக்காட்டில் ஓர் ஆபீசில் டைப் வேலைக்குக் கூப்பிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்கிற வேலை. அதனால் கம்ப்யூட்டர் சொந்தமாக இருக்க வேண்டும். அது மட்டும் கிடைத்துவிட்டால் அம்மாவைச் சட்டியிலிருந்து இறக்கிவிடலாம் என்று கலை சொல்லிக்கொண்டே இருந்தாள். புதிது வாங்க வழியில்லை. அப்போதுதான் சைட்டில் வயரிங் பார்க்கிற மலையாளி ஷிபு, தன் சிநேகிதன் ஒருத்தன் கல்ஃபிலிருந்து கொண்டுவந்த பழைய லேப்டாப் இருக்கிறது, பாதி விலைக்கும் கீழே தருவான் என்றான்.

காட்டுவதாகச் சொன்ன அன்று கலைக்கு ஆபீசில் டைப் டெஸ்ட். கிளம்பும்போது படித்துப் படித்துச் சொன்னாள்.

"எம்மா, ரெண்டே காரியம். நிறுத்திட்டு மொதல்லேருந்து போட்டுக் காட்டச் சொல்லு. பில்லு வாங்கு. இது இல்லாம பைசாவ வெளிய எடுக்காத, கேட்டியா?"

"எல்லாம் தெரியும். நீ பஸ்ஸ விட்டுராத."

மத்தியானச் சோற்று நேரம். சிமெண்டு மூட்டை அடுக்கிய அறைக்குள் ஷிபு லேப்டாப்பைத் திறந்தான். திரையில் பச்சைப் புல்மேடும் நீல வானமும். ஒரு பாட்டும் போட்டுக் காட்டினான். உலகம்மாள் கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துவிட்டு ஓரத்தில் மட்டும் தொட்டாள்.

"நிறுத்திப் போட்டுக் காட்டு தம்பி. மக சொல்லி விட்டிருக்கா."

"அய்யோ அக்கா, ஓடுற சாதனத்த நடுவுல நிறுத்தினா உள்ள உள்ளதெல்லாம் போகும். இப்படியே மூடிக் கொண்டு போ. காங்கிரீட் வார்ப்பு அன்னிக்கு மிக்சர நடுவுல நிறுத்துவாங்களா, சொல்லு?"

அது அவளுக்குச் சரியென்றே பட்டது. மிக்சர் நடுவில் நின்றால் கலவை உள்ளேயே இறுகி டிரம் பாழாகும். மேஸ்திரி ராஜமணி அது ஓடும்போது மூத்திரத்துக்குக்கூட விட்டதில்லை. ஓடுகிற மிஷினை நிறுத்தாதே என்று கேட்டுக் கேட்டே அவளுக்கு வயசாகியிருந்தது.

"அப்ப பில்லு?"

"நமக்குள்ள எந்து பில்லு? ஞான் எங்க ஓடிப் போறேன்? நாளைக்கும் இங்கதானே வயர் இழுக்கணும்."

வெளியிலிருந்து மேஸ்திரியின் குரல் வந்தது. "ஏ உலகு! சோறு திங்கியா, கல்யாண விருந்து திங்கியா?"

சீட்டுப் பணத்தையும் காதில் கிடந்ததை விற்ற பணத்தையும் முந்தானையிலிருந்து அவிழ்த்து அவன் கையில் வைத்தாள்.

சாயங்காலம் கரமனை வாடகை அறையில் கலை அதைத் திறந்தபோது திரை இருண்டு கிடந்தது. சார்ஜ் போயிருக்கும் என்று வயரைச் செருகிப் பொத்தானை அமுக்கினாள். புல்லும் வரவில்லை, வானமும் வரவில்லை. கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கட்டம் பாஸ்வேர்டு கேட்டது. என்னென்னவோ அடித்துப் பார்த்தாள். பிறகு அடிக்கவும் விடாமல் பூட்டிக்கொண்டது. கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் ஏதோ கம்பெனியின் ஸ்டிக்கரை பிளேடால் சுரண்டியிருந்தார்கள். பாதி நம்பர் மிச்சமிருந்தது.

"நிறுத்திக் காட்டச் சொன்னியாம்மா?"

உலகம்மாள் அரிசி களையப் போனாள்.

மறுநாள் தம்பானூரில் ரிப்பேர் கடைக்காரர் அந்தச் சுரண்டலைப் பார்த்ததுமே லேப்டாப்பைத் திருப்பித் தள்ளினார். "திருட்டுச் சரக்கு. நான் தொட மாட்டேன். முதல்ல கடைய விட்டு இறங்குங்க" என்று மலையாளத்தில் சொன்னார்.

சைட்டில் ஷிபு நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"எந்து லேப்டாப் அக்கா? ஞான் தந்தேனா? ஆரு கண்டா? பில்லு உண்டா?"

"வயித்துல அடிக்கியே, நீ வெளங்குவியாலே?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "ஸ்டேஷனுக்குப் போ, வேண்டாங்கல. சாதனம் ஆரு கையில இருக்குன்னுதான் அவங்க பாப்பாங்க. தமிழ் பேசற பாண்டிக்காரி கையில இருந்தா பின்ன கேக்கவும் மாட்டாங்க."

ராத்திரி கலை அழுதுகொண்டே சொன்னாள்: "கொண்டு போய்க் குடுத்துருவோம்மா. நடந்தத நடந்தபடி சொல்லுவோம்."

"ஒங்கப்பனும் நடந்தத நடந்தபடிதான் சொன்னான்."

இசக்கிப்பாண்டி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். ஆபீசில், கம்ப்யூட்டர் வைத்திருந்த வேறொருத்தியை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வாரமே கார் நிறுத்துமிடத்துக்குத் தரை வார்ப்பு. உலகம்மாள் லேப்டாப்பைக் கிழிந்த லுங்கியில் சுற்றிச் சோற்றுப் பையில் கொண்டுவந்தாள். மிக்சர் இரைந்தது. குனிந்து, மூலையில் கம்பிக்கு அடியில் அதைச் செருகினாள். போய்ச் சட்டி நிறைத்து வந்து மேலே கொட்டினாள்.

பக்கத்தில் பைப்பு பதித்துக்கொண்டிருந்த ஷிபு பார்த்துவிட்டான். மேஸ்திரி இருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, லுங்கி தெரியுது. இன்னும் ரெண்டு சட்டி கொட்டு."

கொட்டினாள். கழுத்து சுருக்கென்று இழுத்தது. சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு, நிற்காமல் ஓடுகிற மிக்சரிடம் அடுத்த சட்டிக்குப் போனாள்.