புள்ளிக்கோட்டுப் பெட்டி

அந்தப் பெட்டிக்குச் சொந்தக்காரர் யாரென்று தேடி ஜுவேரியா தி.நகர் தலைமை அலுவலகத்தின் எல்லா மாடிகளையும் ஏறி இறங்கிவிட்டாள். ஒரு மருத்துவமனைக் குழுமத்தில் எந்த மென்பொருள் எதனோடு பேசுகிறது என்பதை வரைபடமாக வைத்துக் காப்பது அவள் வேலை. சேர்ந்து சில மாதங்கள்தான், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வரைபடத்தின் நடுவில் ‘அறிவிப்பு மையம்’ என்றொரு பெட்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. எல்லாத் துறைகளிலிருந்தும் அம்புகள் அதை நோக்கி ஓடின. பில்லிங்கில் கேட்டால் மருந்தகத்தைக் கை காட்டினார்கள், மருந்தகத்தில் ஐ.டி.யை. ஐ.டி.யிலோ, “அது பில்லிங்காண்ட கீது மேடம்” என்று டீயை ஆற்றிக்கொண்டே ஒருவன் சொன்னான்.

வெள்ளிக்கிழமை பழைய குறுஞ்செய்தி மென்பொருளை நிறுத்துவதாக இருந்தது. அதன் வேலையை இந்த மையம் பார்த்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. காலையில்தான் அவள் பட்டினப்பாக்கம் கிளைக்குப் போய் வந்திருந்தாள். அங்கே டயாலிசிஸ் மெஷின் படுத்துவிட்டால், வேறு கிளைக்குப் போகும்படி நோயாளிகளுக்குச் செய்தி அனுப்புவது அந்தப் பழையதுதான்.

“அது வரலைன்னா எல்லாரும் இங்கயே வந்து காத்துக்கினு கெடப்பாங்க,” என்றார் சாருலதா சிஸ்டர். “ஒரு நாள் தவறுனாலே இவங்களுக்கு மூச்சு வாங்கும்மா.” பெஞ்சில் ஒரு மீன்கார அம்மா வீங்கிய காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, போனில் வந்த செய்தியைப் பக்கத்திலிருந்தவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் நிரஞ்சனிடமே கேட்டாள். வரைபடத் துறைக்குத் தலைவர், நல்லவர்தான், யாரையும் கடிந்து பேசாதவர். “அதுவா? ரெண்டு வருஷம் முன்னாடி நான் போட்டது,” என்று சிரித்தார். “அப்படி ஒண்ணைப் பின்னாடி கட்டலாம்னு புள்ளிக்கோட்டுல போட்டேன்.”

“இப்ப முழுக்கோடா இருக்கு சார்.”

சிரிப்பு நின்றது. பழைய படங்களையெல்லாம் புதிய கருவிக்கு மாற்றியது அவருடைய சாதனை. ஆளுயரக் கேக் வெட்டிக் கொண்டாடினார்கள். அந்தக் கருவிக்குப் புள்ளிக்கோடு தெரியாது என்பதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. கட்டப்போவதையும் கட்டியதையும் அது ஒரே மாதிரி வரைந்துவிட்டது. படத்தில் இருக்கிறதே என்று ஆளாளுக்கு ஓர் அம்பை இழுத்து மாட்டினார்கள். ஊரோடு ஒத்து வாழ வேண்டாமா?

“பழசை நிறுத்துறதைப் பத்தி இன்னிக்கு நடக்குற மீட்டிங்ல இதைச் சொல்ல வேணாம் ஜுவேரியா. எம்.டி. இருப்பாரு. அடுத்த மாசம் நானே சரி பண்றேன். அதுவரைக்கும் சிஸ்டருங்க போன் பண்ணிச் சொல்லட்டும். பாத்துக்கலாம்.”

பாத்துக்கலாம் என்றால் யாரும் பார்க்கப்போவதில்லை. மேற்கு மாம்பலத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. வேலையை நிரந்தரமாக்கும் கையெழுத்து அவருடையது. ஆனால் பயத்தைவிடக் கோபம் ஒரு பிடி கூடுதலாக இருந்தது.

“நீங்க சொன்னா நல்லாருக்கும் சார். இல்லன்னா நான் சொல்லிடுவேன்.”

அவர் சொல்லவில்லை. கூட்டத்தில் வரைபடம் புரொஜெக்டரிலிருந்து சுவர் முழுக்க விரிந்தது. பழையதை நிறுத்த யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று எம்.டி. கேட்டபோது, நிரஞ்சன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“எனக்கு இருக்கு சார்.” ஜுவேரியா கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “அறிவிப்பு மையம்னு ஒண்ணு நம்மகிட்ட இல்ல. யாரும் கட்டவே இல்ல. வெள்ளிக்கிழமை பழசை நிறுத்துனா பேஷண்ட்டுங்களுக்கு எந்தச் செய்தியும் போகாது.”

“படத்துல இருக்கேம்மா?” என்றார் பில்லிங் தலைவர் ஜவஹர்.

ஜுவேரியா பெட்டியைத் தேர்ந்தெடுத்து நீக்கு என்பதை அழுத்தினாள். நிச்சயமாகவா என்று கருவி கேட்டது. ஆம் என்றாள். பெட்டி போய்விட்டது, அம்புகள் போகவில்லை. நாலா பக்கமிருந்தும் கிளம்பி வந்து நடுவிலிருந்த வெள்ளையின் ஓரத்தில் நின்றன. ஜவஹர் எழுந்து சுவரருகே போனார். தன் துறையிலிருந்து கிளம்பிய அம்பின் மேல் விரலை வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தவர், அதன் முனையில் நின்றுவிட்டார். படம் அவர் கைமேல் விழுந்துகொண்டிருந்தது.